பெயர்: அக்கா

எங்கள் கிடங்கில் வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் நான் ஐந்து பக்கப் படிவம் ஒன்று கொடுப்பேன். முதல் நான்கு பக்கங்களைப் பிரமாதமாக நிரப்பிவிடுவார்கள். ரத்த வகை, சட்டை அளவு, ஷூ அளவு எல்லாம் டாண் டாணென்று வரும். ஐந்தாவது பக்கத்தில் வண்டி நின்றுவிடும். அதில் இரண்டே கேள்விகள். நீங்கள் இறந்துபோனால் உங்களுக்குச் சேர வேண்டியது யாருக்குப் போக வேண்டும்? நீங்கள் நினைவில்லாமல் கிடந்தால் உங்கள் சிகிச்சையைப் பற்றி யார் முடிவு சொல்ல வேண்டும்? பெயர், உறவு, முகவரி, தொலைபேசி எண். கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. அவ்வளவும் இருந்தால் எந்த மருத்துவமனையும் அந்தப் பக்கத்தை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

இந்தப் பத்து நிமிட வேலைக்காகப் பதினெட்டு வருஷமாக நாயாய் அலைகிறேன். ஐம்பது வயதுக்காரர்களால் எனக்குத் தொல்லையில்லை, அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்த இருபது, முப்பது வயதுக்காரர்கள்தான் என் உயிரை வாங்குகிறார்கள். ஒருவன் பெயர் என்ற இடத்தில் ‘அம்மா’ என்று எழுதிக் கொடுப்பான், உலகத்திலேயே ஒரே ஒரு அம்மாதான் இருப்பது போல. ஒருத்தி ‘என் செல்லம்’ என்று எழுதினாள். விசாரித்தால் அது பூனை. இன்னொருவன் இரண்டு கேள்விக்கும் ‘நானே’ என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

“ஏம்ப்பா, நீ மயங்கிக் கிடக்கும்போது நீயே எழுந்து வந்து முடிவு சொல்லிட்டு மறுபடி போய்ப் படுத்துக்குவியா?” என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேற யாரையும் நம்ப முடியாதுக்கா” என்றான். தலையில் அடித்துக்கொண்டேன், வேறென்ன செய்வது?

அக்கா என்றால் நான்தான். கிடங்கில் எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்த வாசல் காவலருக்கும் அக்கா. என் மேசைமேல் என் பெயர்ப் பலகை கைநீளத்துக்கு இருக்கிறது. அதை வாசித்தவர் இதுவரை யாரும் கிடையாது. தொலைபேசியை எடுத்தால்கூட “அக்கா பேசறேன்” என்றுதான் என் வாயில் வரும். அப்படியே பழகிவிட்டது.

நான் சொல்ல வந்தது ஹார்னைப் பற்றி.

ஹார்ன் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சலவை இயந்திரம், குளிர்பெட்டி என்று பெட்டிபெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் சந்துகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்ன் அடிப்பான். ஆள் இருந்தாலும் அடிப்பான், இல்லாவிட்டாலும் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலியான கிடங்கில் தனியாக வேலை பார்த்தபோதும் அடித்தான் என்று காவலர் சொன்னார். அதனால் அந்தப் பெயர். ஒல்லியாக, நெட்டையாக இருப்பான். காதுகள் இரண்டும் விரிந்து நிற்கும். சாப்பிடும்போதுகூட அந்த மஞ்சள் பளபளப்புச் சட்டையைக் கழற்ற மாட்டான். ஒருவழிப் பாதையைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பார்ப்பான். தினமும் காலையில் டயரைத் தட்டிப் பார்த்து, பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வண்டியை எடுப்பான். ஆறு வருஷத்தில் ஒரு பெட்டியின் மூலையைக்கூட நசுக்கியதில்லை.

இப்படிப்பட்டவன் ஐந்தாம் பக்கத்தை மட்டும் ஆறு வருஷமாக வெறுமையாக வைத்திருந்தான்.

அவன் கதையை நான் துண்டுதுண்டாகக் கேட்டிருக்கிறேன். அவனுடைய பதினைந்து வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பாவுக்கும் அவனுக்கும் ஒத்துப்போகவில்லை. என்ன சண்டை என்று கேட்டால், “பெருசா ஒண்ணும் இல்லக்கா, ரெண்டு பேருமே வாயை மூடத் தெரியாதவங்க” என்பான். பதினாறில் வீட்டைவிட்டு வந்தவன் பன்னிரண்டு வருஷமாக அப்பாவோடு பேசவில்லை. கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. கடைசி மூன்று வருஷமாக ஒரு பெண்ணோடு சேர்ந்து இருந்தான். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். சட்டத்துக்குள் கண்ணாடியைப் பொருத்துவது, மூக்கில் அழுத்தாமல் வளைத்துக் கொடுப்பது அவள் வேலை. என் கண்ணாடியும் அவள் சரிசெய்ததுதான். இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே சமையலடுப்பு, ஒரு மீன் தொட்டி. கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனை வழிமறித்து என் மேசை முன்னால் உட்கார வைத்தேன்.

“இன்னிக்கு எழுதாம நீ இங்கேர்ந்து எழுந்திருக்க முடியாது.”

“என்கிட்ட என்னக்கா இருக்கு? ஒரு பைக், ஒரு மீன் தொட்டி. இதுக்குப் போய் உயில் எழுதினா மீனே சிரிக்கும்.”

“சொத்துக்கு மட்டும்தான் இதுன்னு யாருடா சொன்னது? உன்கிட்ட நீ இருக்கியே. உன்னை யாருகிட்ட விட்டுட்டுப் போவ?”

“இருபத்தெட்டு வயசுல என்னக்கா சாவுப் பேச்சு?”

“மயங்கி விழறதுக்கு வயசு வேணுமா? அந்தப் பொண்ணு பேரை எழுது, முடிஞ்சுது.”

பேனாவை எடுத்தான். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். எழுதப் போனவன் நிறுத்தினான்.

“பேர் எழுதிடலாம். பக்கத்துலயே உறவுன்னு கேக்குதே. அதுல என்ன எழுதறது?”

“எதையாவது எழுது.”

“மனைவின்னு எழுத முடியாது, இன்னும் பதிவு பண்ணல. தோழின்னு எழுதினா அவ என்னைக் கொன்னுடுவா. காதலின்னு எழுதி உங்க கையில கொடுக்க எனக்கே கூச்சமா இருக்கு.”

“கூட இருக்கறவன்னு எழுதேன்.”

“பக்கத்து வீட்டுக்காரரும்தான் கூட இருக்கார்.” அவன் சிரித்தான். “விடுங்கக்கா, பதிவு பண்ணினதும் மனைவின்னே ஜம்முனு எழுதித் தரேன்.”

இவ்வளவு பெரிய மொழியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லையாம் இவனுக்கு. எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டினேன். “இப்ப எதையாவது எழுதறியா இல்லையா?” என்று கத்தினேன். அவன் சட்டென்று குனிந்து விறுவிறுவென்று எழுதி என் பக்கம் தள்ளினான்.

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். பெயர்: அக்கா. உறவு: அக்கா. தொலைபேசி: என் மேசைத் தொலைபேசியின் எண்.

“உங்களைவிட எனக்கு யாருக்கா இருக்கா?” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அந்தத் தாளை அப்போதே கிழித்து அவன் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். பூனையின் பெயரை எழுதினவளுக்கு நான் அப்படித்தான் செய்தேன். ஆனால் இதைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தேன். சாட்சிக் கையெழுத்து இல்லை என்பது கண்ணில் பட்டது. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று கோப்பில் வைத்தேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான்தான் வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்து தூறல். காலை ஷிஃப்டுக்கு அவன் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு என் தொலைபேசி அடித்தது.

“அக்காவா?” என்றது ஒரு பெண் குரல்.

“ஆமா, அக்காதான் பேசறேன்.”

“உங்க தம்பி இங்க அட்மிட் ஆகியிருக்கார். உடனே வாங்க.”

எனக்குத் தம்பி கிடையாது. அதைச் சொல்வதற்குள் அவள் அவன் பெயரைச் சொன்னாள். அவன் பணப்பையில் எங்கள் கிடங்கின் அடையாள அட்டை இருந்ததாம். தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தங்களிடம் இருந்த படிவ நகலைப் பார்த்து ‘அக்கா’ என்று சொல்லி, எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள்.

அவன் மேல் தவறு துளிகூட இல்லை. வேலைக்கு வரும் வழியில் பைக்கில் ஓரமாகத்தான் போயிருக்கிறான். பின்னால் பார்க்காமல் பின்னோக்கி வந்த ஒரு லாரி, சுவர், நடுவில் அவன் வலது கால். தலையிலும் அடி. நான் போனபோது மூச்சுக் குழாய் போட்டு, நினைவில்லாமல் படுக்க வைத்திருந்தார்கள். அந்தப் பெண் எனக்கு முன்பே வந்திருந்தாள். நான்தான் வழியிலிருந்து அவளுக்குச் சொன்னேன். கடை மேலங்கியோடு, கண்ணாடி துடைக்கும் துணி கையில் இருக்க, அப்படியே ஓடி வந்திருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். குடும்பத்தார் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று எழுதி ஒட்டியிருந்தது.

அறுவை மருத்துவர் இளம் பெண். சுற்றி வளைக்காமல் என்னிடம் பேசினாள்.

“ரெண்டு வழி இருக்கு. இன்னிக்கே காலை எடுத்துட்டா முட்டிக்குக் கீழே நின்னுடும். முட்டி மிஞ்சினா செயற்கைக் கால் வெச்சு நல்லாவே நடப்பார், வண்டிகூட ஓட்டலாம். இல்லன்னா காத்திருந்து, நாலஞ்சு ஆபரேஷன் பண்ணிக் காலைக் காப்பாத்தப் பார்க்கலாம். ஆனா கிருமி மேல ஏறினா முட்டியும் போயிடும், உயிருக்கும் ஆபத்து. உடனே எடுத்தே ஆகணும்னு இருந்தா நாங்களே முடிவு பண்ணிடுவோம். இப்ப அப்படி இல்ல. குடும்பத்துல ஒருத்தர் சொல்லணும். நீங்க அக்காதானே? இங்க கையெழுத்து போடுங்க.”

பின்னாலிருந்து அந்தப் பெண் பாய்ந்து வந்தாள். “எடுத்துடுங்க டாக்டர். அவரே என்கிட்ட சொல்லியிருக்கார். போன வருஷம் கூட வேலை பார்த்தவர் ஒருத்தருக்குக் கால்ல அடிபட்டு, இழுத்து இழுத்து எட்டு ஆபரேஷன் பண்ணினாங்க. அதைப் பார்த்துட்டு வந்து சொன்னார். எனக்கு இப்படி ஆனா இழுக்காதீங்க, முட்டி இருந்தா போதும், பெடலை மிதிச்சுடுவேன்னு சொன்னார். சாப்பிட்டுட்டே சொன்னார்.”

மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க யாரு?” என்றாள்.

அவள் வாயைத் திறந்தாள். “நான் அவர்கூட இருக்கேன்” என்றாள் கடைசியில்.

“மனைவியா?”

“பதிவு பண்ணல.”

மருத்துவர் மறுபடி என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னேன். நான் அவன் அக்கா இல்லை, அவன் வேலை செய்யும் இடத்தில் படிவம் வாங்குகிறவள். தாளில் சாட்சிக் கையெழுத்துகூடக் கிடையாது. சொந்தமென்று அவனுக்கு இருப்பது பேச்சுவார்த்தை இல்லாத அப்பா ஒருவர்தான். மருத்துவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அப்படியென்றால் அப்பாவைத் தேட வேண்டும், அதுவரை புண்ணைக் கழுவிக் காத்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்க்கா சொன்னீங்க? போட்டிருக்கலாமே. அக்கான்னுதானே எழுதியிருக்கு. நீங்க அக்காதானே?”

“பொய்க் கையெழுத்தும்மா அது. பதினெட்டு வருஷமா யாரையும் போட விடாத கையெழுத்து” என்றேன். என் குரல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

அன்று பகல் முழுக்க அவள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவன் செல்போன் அவன் விரலுக்குத்தான் திறக்கும். அப்பாவின் எண் அதில் இருக்கலாம் என்று, உள்ளே போய் அவன் விரலை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நர்ஸிடம் கெஞ்சினாள். நர்ஸ் விரட்டினாள். அறையின் வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில் மட்டும். விஷயம் கேள்விப்பட்ட வீட்டுக்காரர் அவளைக் கூப்பிட்டு, அவருக்கு ஏதாவது ஆனால் நீ எப்போது காலி செய்வாய் என்று விசாரித்தார். மூன்று வருஷம் ஒருவனோடு வாழ்ந்திருக்கிறாள். எந்தத் தாளிலும் அவள் இல்லை. ஒரு தாளிலாவது இருந்திருக்க வேண்டும், அந்தத் தாள் என் கோப்பில் இருந்தது, அதில் நான் இருந்தேன். நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பழைய அடையாள ஆவணத்திலிருந்த முகவரியை வைத்து அப்பாவைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அவர் வந்தார். நான் ஏதோ முரடர் வரப்போகிறார் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். வந்தது அதே விரிந்த காதுகளோடு ஒரு வயதான மனிதர். பேருந்தில் ஆறு மணி நேரம் நின்றுகொண்டே வந்திருந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பெண் அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கூட வேலை செய்தவர், எட்டு ஆபரேஷன், முட்டி, பெடல்.

அவர் கேட்டுவிட்டு, “நீ யாரும்மா?” என்றார்.

“கூட இருக்கேன்.”

“கூடன்னா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் திருதிருவென்று விழித்தேன்.

“ரெண்டு காலோட பெத்தேன். பன்னெண்டு வருஷம் கழிச்சுப் பார்க்கறேன், இப்ப வந்து காலை வெட்டுன்னு நானே கையெழுத்து போடணுமா?” என்றார் அவர். “எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். அவர் ஞாயித்துக்கிழமை வரேன்னிருக்கார். அதுவரைக்கும் தொட வேண்டாம்.”

நான் குறுக்கே விழுந்து, “ஐயா, அவன் என்ன நினைச்சான்னு இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும்” என்றேன்.

“எம்பையனை எனக்குத் தெரியாதா?” என்றார்.

தெரியாது. அவன் என்ன வேலை செய்கிறான் என்பதே அவருக்கு அங்கே வந்துதான் தெரியும். ஆனால் சட்டப்படி அவர்தான் அப்பா. அவர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். மகன் இரண்டு காலோடு எழுந்து உட்கார்ந்ததும் அவனிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்தார். எந்த அப்பாவும் நினைப்பார்.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. அவள் வராந்தாவில் போகிற வருகிற மருத்துவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்தி அதையே சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவள் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது. ஞாயிறு காலையில் அவனுக்குக் காய்ச்சல் ஏறியது. தெரிந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அப்பாவின் தோளைத் தட்டி, உடனே கையெழுத்துப் போடச் சொன்னார். அவரும் போட்டார். கோணல்மாணலாகப் போட்டார். ஆனால் அதற்குள் கிருமி முட்டியைத் தாண்டிவிட்டிருந்தது. தொடையில் வைத்து எடுத்தார்கள்.

உயிர் பிழைத்தான். அதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் அதைத்தான் என்னிடம் சொல்கிறார்கள், உயிர் பிழைத்தானே, அது போதாதா என்று. முட்டி இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த மருத்துவரிடம் போய்க் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். முட்டி இருந்தால் படியேறலாம், குனியலாம், பெடலை மிதிக்கலாம், கொஞ்ச நாளில் வேலைக்குப் போகலாம். இல்லாவிட்டால் நிற்கப் பழகுவதற்கே மாதக்கணக்கில் ஆகும், ஃபோர்க்லிஃப்டை மறந்துவிட வேண்டியதுதான் என்றாள். அவளும் களைத்துப்போயிருந்தாள்.

பதினோராவது நாள் அவனுக்கு நன்றாக நினைவு திரும்பியது. சாதாரணப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள், இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்பா வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார், உள்ளே வர அவருக்குத் தெம்பில்லை. அந்தப் பெண் தனியாகச் சொல்ல முடியாது என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். ஜன்னல் வழியாகப் பத்து மணி வெயில் அவன் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் கையைப் போர்வைக்குள் விட்டுத் தடவிக்கொண்டிருந்தான். இடுப்பிலிருந்து கீழே, மெதுவாக, கை போய்க்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் நின்றது. மறுபடி மேலிருந்து தடவினான். மறுபடி அதே இடத்தில் நின்றது.

“முட்டி எங்க?” என்றான்.

அவன் அவளைப் பார்த்தான்.

“நான்தான் உன்கிட்ட சொல்லியிருந்தேனே. இழுக்க வேண்டாம், முட்டியோட எடுக்க விட வேண்டாம்னு. சொன்னேன்ல? நீ டாக்டர்கிட்ட சொல்லலையா?”

“சொன்னேன்” என்றாள் அவள். அவளுக்கு இன்னும் தொண்டை சரியாகவில்லை. அது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ.

எனக்குப் பொறுக்கவில்லை. பத்துப் பேர் படுத்திருக்கிற இடம் என்பதையே மறந்துவிட்டேன். “சொன்னாடா! தொண்டை கிழியச் சொன்னா! கேட்டவங்க எல்லாரும் நீ யாருன்னு கேட்டாங்க. அதுக்குப் பதில் நீதான் எழுதி வெச்சிருக்கணும். அந்த இடத்துல என்னை எழுதி வெச்சிருக்க. உன் முட்டியைப் பத்தி எனக்கு என்னடா தெரியும்?”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கை இன்னும் போர்வைக்குள்தான் இருந்தது.

“சரி, நீங்க இருந்தீங்கல்ல” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். “இவ உங்ககிட்டயும் சொல்லியிருப்பா. நீங்களாவது கையெழுத்து போட்டிருக்கலாமே அக்கா?”

விதிமுறை, சாட்சி, பொய்க் கையெழுத்து என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன எல்லாம் என் வாய்வரைக்கும் வந்தது. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை போயிடும்னு பயந்துட்டேன்டா” என்றேன்.